இறக்கி வைத்த தண்ணீர்

மந்தலே பஸ் வடிவேல் என்றால் ரங்கூன் லான்மடா வட்டாரத்தில் தெரியாதவர் கிடையாது. பர்மாக்காரர்கள் 'ஊ வேல்' என்பார்கள், நம்மவர்கள் 'பஸ்காரர்' என்பார்கள், அவர் மனைவி கமலாட்சி மட்டும் கோபம் வந்தால் 'டிரைவர்' என்பாள். ரங்கூனிலிருந்து மந்தலேக்கு இரவு எக்ஸ்பிரஸ் ஓட்டியவர். தலை நரைக்கத் தொடங்கியதும் அந்த ரோட்டில்தான், நரைத்து முடிந்ததும் அந்த ரோட்டில்தான். எத்தனையோ வண்டி கவிழ்ந்த பாதையில் ஒரு பயணிக்கும் கீறல் விழாமல் கொண்டுபோய்ச் சேர்த்தவர் என்ற பெருமை அவருக்கு உண்டு. அதை அவர் மனசுக்குள் பூட்டி வைத்துக்கொள்கிற ஆளுமில்லை. டீக்கடையில் உட்கார்ந்தால் முதல் மடக்கு உள்ளே போவதற்குள் அந்தப் பேச்சு வெளியே வந்துவிடும்.

அப்புறம் காலம் மாறியது. வழி நெடுக சோதனைக் கேட்டுகள் முளைத்தன, இரவு வண்டிகள் நின்றன, கம்பெனி பாதி பஸ்ஸை விற்றது. வடிவேல் வீட்டில் உட்கார்ந்தார். பஸ் ஓட்டின மனுஷன் வீட்டில் உட்கார்ந்தால் என்ன செய்வார்? வீட்டை ஓட்டுவார். அரிசி டின் எங்கே இருக்க வேண்டும், மாடிப்படியில் எந்தப் பக்கமாக இறங்க வேண்டும், குழம்பை எப்போது இறக்க வேண்டும், எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு யோசனை இருந்தது. "இது வீடுங்க, பஸ் இல்ல. சும்மா ஹார்ன் அடிக்காதீங்க" என்று கமலாட்சி சொல்லிச் சொல்லி வாய் வலித்துப் போனாள். ஒரு கட்டத்தில் அவரே பேச்சைக் குறைத்துக்கொண்டார். ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுத் தெருவில் போகிற வண்டிகளைப் பார்த்துக்கொண்டே இருப்பார். அவர் அதட்டியபோது வந்த எரிச்சலை விட இந்த மௌனம்தான் அவளுக்குப் பயமாக இருந்தது.

இந்த நேரத்தில்தான் அமெரிக்காவிலிருந்து மகள் சாந்தகுமாரி போன் செய்தாள். அவள் லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் முதியோர் இல்லம் ஒன்றில் வேலை பார்க்கிறாள். புருஷன் முரளிதரனுக்குச் சாமான் கிடங்கில் வேலை. பிள்ளைகள் இரண்டு, பெரியவன் பாலா, சின்னவள் ராணி. நமக்கெல்லாம் கோடை முடிந்து மழை அடித்து ஊற்றுகிற ஜூன் மாதம்தான் அங்கே பள்ளிக்கூடத்துக் கோடை விடுமுறையாம். காரில் கூடாரத்தை ஏற்றிக்கொண்டு பாலைவனத்தில் இருக்கிற தேசியப் பூங்காக்களைச் சுற்றப் போகிறார்களாம். பத்து நாள், மூன்று பூங்கா.

"பூங்கான்னா பூவெல்லாம் இருக்குமா?" என்று கேட்டாள் கமலாட்சி.

"பாறைதாம்மா இருக்கும். பாறை, மணலு, கள்ளி."

"அதப் பாக்கவா பத்து நாளு?"

"கடைசிப் பூங்காவோட பேரு என்ன தெரியுமா? மரணப் பள்ளத்தாக்கு."

"அடி பாவி! பச்சப் புள்ளைங்களக் கூட்டிக்கிட்டு அங்க போறேங்கிறியே, அந்த ஊர்ல வேற பேரே கெடைக்கலியா அவனுங்களுக்கு?"

வடிவேல் நாற்காலியை விட்டு எழுந்து வந்து போனை வாங்கினார். "மொத்தம் எத்தன மைலு?" என்றார். அவ்வளவுதான். மனுஷனுக்கு உயிர் வந்துவிட்டது.

அன்றிலிருந்து அந்தப் பயணத்துக்கு அவர்தான் டிரைவர். போனில் வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு விரலால் ரோட்டைத் தடவித் தடவிப் பார்ப்பார். எங்கே மேடு, எங்கே வளைவு, பெட்ரோல் பங்குக்கும் பங்குக்கும் எவ்வளவு தூரம் என்று கேட்டுத் துளைத்துவிடுவார். பட்டப்பகலில் கிளம்பக் கூடாது, வெயில் தாழ்ந்துதான் வண்டியை எடுக்க வேண்டும் என்றார். சாந்தாவும் சரி என்றாள். அப்புறம் ஒருநாள் கேட்டார், "டயருக்குத் தண்ணி அடிக்கிற கடை வழியில எங்கெங்க இருக்கு?"

சாந்தா சிரித்த சிரிப்பு அடுத்த அறையில் இருந்த கமலாட்சிக்குக் கேட்டது. ஆனால் அவர் கேட்டதில் அர்த்தம் இருந்தது. மந்தலே எக்ஸ்பிரஸ் ரோடு முழுக்க சிமென்ட்டு. கோடையில் அது தோசைக்கல் மாதிரி காயும். அந்தச் சூட்டில், ஓட்டத்தில், பாரத்தில் டயர் வெடித்துத்தான் அத்தனை வண்டியும் போனது. அதனால் வழியில் ஆட்கள் குழாயை வைத்துக்கொண்டு நிற்பார்கள், வண்டியை ஓரம் கட்டினால் டயர்களுக்குத் தண்ணீர் பீய்ச்சி ஆற்றி அனுப்புவார்கள். டயர் வெடிக்கிற சத்தம் வடிவேலின் காதை விட்டு இன்னும் போகவில்லை. சாப்பிடும்போது பக்கத்து வீட்டில் கதவு படீரென்று சாத்தினால்கூட அவர் கால் தானாகப் பிரேக்கைத் தேடும்.

"சிரிக்காத. அங்கயும் வெயிலு, அங்கயும் ரோடு. பாரம் ஏத்தாத. நான் சொல்றது அவ்வளவுதான். பாரந்தான் எமன்" என்றார்.

கிளம்புகிற நாள் வந்தது. அங்கே சாயங்காலம், இங்கே விடிகாலை. ரங்கூனில் ராத்திரி பிடித்த மழை விட்டபாடில்லை. வடிவேல் விளக்கு வைத்து, சாமி கும்பிட்டு, போன் முன்னால் உட்கார்ந்துவிட்டார். சாந்தா காரின் பின்பக்கக் கதவைத் திறந்து வீடியோவில் காட்டினாள். கூடாரம், பாய், அடுப்பு, துணிப்பைகள். அதற்கெல்லாம் அடியில் பிளாஸ்டிக் சுற்றிய தண்ணீர்ப் பெட்டிகள் வரிசையாக இருந்தன. கார் பின்னால் தாழ்ந்து உட்கார்ந்திருந்தது.

"அது என்னது அடியில?"

"தண்ணிப்பா."

"அத்தனையுமா! உனக்குப் புத்தி கித்தி இருக்கா? பின்டயரப் பாரு, நசுங்கிக் கெடக்குது. மொதல்ல அத இறக்கு."

"பாலைவனம்ப்பா அது."

"பாலைவனமா இருந்தா என்ன? ரோடு போட்டிருக்கான்ல? ரோடு இருந்தா தண்ணி இருக்கும். நான் எத்தன வருஷம் ஓட்டியிருக்கேன், என்னைக்காவது தண்ணி சுமந்திருக்கேனா?"

அதுவும் பொய்யில்லை. பர்மாவில் ரோட்டோரம் தண்ணீருக்குப் பஞ்சமே கிடையாது. வழிப்போக்கன் தாகத்தோடு போகக் கூடாதென்று ஊருக்கு ஊர், மரத்துக்கு மரம், சின்னதாய்க் கூரை போட்டுப் பானைகளில் தண்ணீர் வைத்திருப்பார்கள். மூடியும் இருக்கும், கவிழ்த்து வைத்த குவளையும் இருக்கும். யார் வேண்டுமானாலும் குடிக்கலாம். யேயோசின் என்பார்கள் அதை. வடிவேல் பானைத் தண்ணீரிலேயே வளர்ந்தவர், பானைத் தண்ணீரிலேயே வண்டி ஓட்டியவர். தண்ணீர் இல்லாத ரோடு ஒன்று உலகத்தில் இருக்கும் என்பது அவர் மண்டைக்குள் ஏறவே இல்லை.

சாந்தா வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். முரளி உள்ளே பிள்ளைகளுக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தான். "சரிப்பா" என்றாள். போனை மதில்மேல் சாய்த்து வைத்துவிட்டு ஒவ்வொரு பெட்டியாகத் தூக்கிக் கொட்டகைக்குள் கொண்டுபோய் வைத்தாள். ஒரு பிளாஸ்க்கும் பிள்ளைகளின் பாட்டில்களும் மட்டும் மிச்சம். கார் பின்பக்கம் நிமிர்ந்தது. வடிவேல் அதைக் கண்ணாரப் பார்த்தார். "ஆங்... இப்பத்தான் வண்டி வண்டியா நிக்குது" என்றார்.

வண்டி கிளம்பிய சந்தோஷத்தில் அவர் குடையை விரித்துக்கொண்டு முனை டீக்கடைக்குப் போனார். தெருவில் கணுக்கால் வரை தண்ணீர் ஓடியது. கடையில் பீர் முகைதீன் உட்கார்ந்திருந்தார். கீழ்வீட்டில் பேட்டரிக் கடை வைத்திருப்பவர், அதற்கு முன்னால் சவூதியில் பல வருஷம் டிரெய்லர் ஓட்டியவர். ரெண்டு டிரைவர்கள் சேர்ந்தால் கேட்க வேண்டுமா! வடிவேல் லப்பேயே டீ ஒன்று சொல்லிவிட்டு, மகள் போகிற பாதையை வளைவு வளைவாக விவரித்தார். பீர் முகைதீன் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார்.

"வெயில் தாழ்ந்து எடுக்கச் சொன்னீங்கல்ல, அது சரி. தண்ணி எவ்வளவு ஏத்துனாங்க?"

"அதையெல்லாம் இறக்கிட்டேன் பாய். பாரம் தாங்காது. வழியில குடிச்சுக்கலாம்."

பீர் முகைதீன் கையில் இருந்த தேநீர்க் கிண்ணத்தை மேஜையில் வைத்தார். "வழியிலன்னா?"

"ரோட்டோரம்..."

"அண்ணே, அது பாலைவனம். ரோட்டோரம் பானை வைக்க அங்க ஊரு எங்க இருக்கு? ஆளு எங்க இருக்கான்? சவூதியில எங்க கூட ஓட்டுன பையன் ஒருத்தன், வண்டி நின்னு போச்சுன்னு..." சொல்ல வந்ததை அவர் விழுங்கிவிட்டார். வடிவேலின் முகம் போன போக்கு அப்படி.

"பெட்ரோல் பங்கு இருக்குமே பாய்."

"இருக்கிற வரைக்கும் இருக்கும். அதுக்கப்புறம் இருக்காது. போன் போடுங்கண்ணே, சீக்கிரம்."

டீ வந்தது. அது யாருக்கு வந்தது என்று பார்க்க வடிவேல் அங்கே இல்லை. நனைந்துகொண்டே ஓடினார், குடை கடையிலேயே கிடந்தது. நான்கு மாடி ஏறி மூச்சு வாங்கக் கதவைத் தள்ளுகிற நேரம் பார்த்து மின்சாரம் போனது. தெரு முழுக்க "மீ போயிருச்சு" என்று குரல் எழுந்தது. மின்சாரம் போனால் கொஞ்ச நேரத்தில் போன் கோபுரமும் படுத்துவிடும். வடிவேல் சாந்தாவைக் கூப்பிட்டார். மணி அடிக்கவில்லை. முரளியைக் கூப்பிட்டார். அதுவும் இல்லை. 'தண்ணி வாங்கு. உடனே வாங்கு. வாங்காம உள்ள போகாத' என்று குரல் பதிவு செய்து அனுப்பினார். அது போகவுமில்லை, திரும்பவுமில்லை, சுற்றிக்கொண்டே நின்றது.

அவள் பூங்காவுக்குள் போய்விட்டதால் கிடைக்கவில்லையா, இங்கே கோபுரம் படுத்ததால் கிடைக்கவில்லையா? அதுகூட அவருக்குத் தெரியவில்லை. பூங்காவுக்குள் போன் எடுக்காது, விடிந்துதான் பேச முடியும் என்று சாந்தா முன்பே சொல்லியிருந்தாள். அப்போது, "கெய்சா மஷிபூ, ஒண்ணும் பிரச்சன இல்ல, போய்ட்டு வா" என்று பெரிய மனுஷனாகச் சொன்னவர் அவர்தான்.

கமலாட்சியிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வார்? அவள் காலைப் பலகாரத்துக்கு மோஹிங்கா வாங்கி வந்து தட்டில் வைத்தாள். அவர் கரண்டியைத் தொடவில்லை. ஜன்னலுக்குப் போனார், திரும்பினார், போனை உயரத் தூக்கிப் பிடித்தார், மறுபடி ஜன்னலுக்குப் போனார். ஈர லோஞ்சியை மாற்றக்கூட இல்லை.

"என்னாச்சுங்க?"

"ஒண்ணுமில்ல."

"மோஹிங்காவ விட்டுட்டு ஒண்ணுமில்லங்கிறீங்க. என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க."

சொல்லிவிட்டார். பெட்டிகளை இறக்கச் சொன்னது, அவள் இறக்கியது, பாய் கேட்டது, எல்லாம். கமலாட்சிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் குரல் கத்தலாகக்கூட இல்லை.

"டயருக்குத் தண்ணி எங்க கெடைக்கும்னு கேட்ட மனுஷன், கொழந்தைக்குத் தண்ணி வேணாம்னுட்டீங்களே."

வடிவேல் தன் வாழ்க்கையில் எத்தனையோ பேரிடம் திட்டு வாங்கியிருக்கிறார், போலீஸிடம், முதலாளியிடம், ஜன்னலோர சீட் கிடைக்காத பயணிகளிடம். எதுவும் இப்படி உள்ளே இறங்கியதில்லை.

பீர் முகைதீன் மேலே வந்து போனை வாங்கிக்கொண்டு போனார். அவர் கடையில் ஜெனரேட்டர் உண்டு, சார்ஜ் போட்டுத் தருகிறேன் என்றார். போனை விட்டு இருக்க முடியாமல் வடிவேலும் பின்னாலேயே இறங்கி, கடை வாசலில் ஒரு பழைய பேட்டரி மேல் உட்கார்ந்துகொண்டார். மழை ஓயவில்லை. கூரையிலிருந்து கொட்டுகிறது, குழாயிலிருந்து கொட்டுகிறது, சாக்கடை நிரம்பித் தெருவில் வழிகிறது. எங்கு பார்த்தாலும் தண்ணீர். அவருக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யார் மேல் என்று கேட்டால் மழை மேல்தான் என்று சொல்லியிருப்பார்.

கண்ணை மூடினால் ராணி தெரிந்தாள். வீடியோவில் ராணி எப்போதும் அவர் மூக்கைத் தொடுவதற்குப் போன் கண்ணாடியைத் தொடுவாள். உதடு காய்ந்தால் அழுகிற வயசு. பாலா பெரியவன், கேட்பான். ராணி கேட்கமாட்டாள், அழுவாள், அப்புறம் அழக்கூட மாட்டாள். அதற்கு மேல் நினைக்கப் பயந்து அவர் கண்ணைத் திறந்துவிடுவார்.

நினைப்பு மந்தலே ரோட்டுக்குப் போனது. அங்கே ஒரு புளியமரத்தடிப் பானையருகில் அவர் வழக்கமாக வண்டியை நிறுத்துவார். ஒருநாளும் அந்தப் பானை காலியாக இருந்ததில்லை. யார் அதை நிரப்பினார்கள்? எந்தக் கிணற்றிலிருந்து, யார் தலையில் சுமந்து? அத்தனை வருஷம் குவளையில் மொண்டு குடித்துவிட்டு ஹார்ன் அடித்துக்கொண்டு போனாரே, ஒருநாள் திரும்பிப் பார்த்தாரா? தண்ணீர் ரோட்டில் முளைக்கிறது என்றே நினைத்துவிட்டார். யாரோ கொண்டுவந்து வைத்த தண்ணீர் அது. தன் மகளும் அப்படித்தான் பிள்ளைகளுக்கென்று கொண்டுவந்து வைத்திருந்தாள். அதைத்தான் இறக்கச் சொன்னார். வடிவேல் பேட்டரி மேல் உட்கார்ந்தபடியே அழுதார். பீர் முகைதீன் பார்க்காதது போலக் கம்பிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மதியம் மின்சாரம் வந்தது, மறுபடி போனது. பதிவு செய்து அனுப்பியது இங்கிருந்து கிளம்பியதே தவிர, அங்கே போய்ச் சேரவில்லை. அப்படியானால் அவர்கள் உள்ளேதான் இருக்கிறார்கள். கமலாட்சி சமைக்கவில்லை. அவரும் மாடிக்கு வந்து அவளுக்கு எதிரில் உட்கார்ந்தார். ஒரே அறையில் இரண்டு பேர், நடுவில் போன். அங்கே இப்போது நடுராத்திரி தாண்டியிருக்கும், மணல் ஆறியிருக்கும், பிள்ளைகள் தூங்கியிருப்பார்கள் என்று அவர் சொல்லிப் பார்த்தார். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

விளக்கு வைக்கிற நேரத்தில் போன் அடித்தது. சாந்தாதான். வீடியோ இல்லை, குரல் மட்டும். கமலாட்சி பாய்ந்து வந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, ஆஸ்பத்திரியில இருக்கோம். பயப்படாதீங்க, இப்ப ஒண்ணுமில்ல."

"ராணி?"

"ஊசி போட்டு பாட்டில் ஏத்தியிருக்காங்க. தூங்குறா. மூத்திரம் போனாப்பா, டாக்டர் இனிமே பயமில்லன்னுட்டாங்க."

நடந்ததைச் சொன்னாள். முதல் பூங்காவில் கூடாரம் போடுகிற இடத்துக்கு இருட்டுகிற நேரம் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். குழாய் இல்லை, கடை இல்லை. வந்த வழியிலேயே பிளாஸ்க்கும் பாட்டில்களும் காலி. ராத்திரியிலும் காற்று அனலாக அடித்திருக்கிறது. ராணிக்கு வாந்தி எடுத்து உடம்பு துவண்டுவிட்டது. பக்கத்துக் கூடாரத்தில் இருந்த வயசான புருஷன் பெண்சாதி தங்கள் தண்ணீரைக் கொடுத்து, சொட்டுச் சொட்டாய்ப் புகட்டச் சொல்லி, தங்கள் வண்டியை முன்னால் விட்டு வெளியே டவுன் வரைக்கும் கூட்டிக்கொண்டு வந்து விட்டிருக்கிறார்கள்.

"சாந்தா" என்றார் வடிவேல். அப்புறம் கேட்டார், "நான் சொன்னா நீ ஏம்மா இறக்குன? உனக்குத் தெரியாதா?"

"தெரியும்ப்பா." அவள் குரல் தாழ்ந்தது. "நீங்க பழையபடி அதட்டிப் பேசுறதக் கேட்டு எத்தன நாளாச்சு. எனக்கு சந்தோஷமா இருந்துச்சு. அத நிறுத்த மனசு வரல. வழியில கடை வரும், வாங்கிக்கலாம்னு நெனச்சேன், வரல." மூக்கை உறிஞ்சினாள். "இங்க பாருங்க, அவர்ட்ட நான்தான் பெட்டிய ஏத்த மறந்துட்டேன்னு சொல்லியிருக்கேன். நீங்க ஒண்ணும் சொல்லிக்காதீங்க. இந்தா, அவரே வர்றாரு."

போன் கை மாறியது. முரளியின் குரல் களைத்துக் கிடந்தது.

"மாமா, பயந்துட்டீங்களா? இப்ப பரவால்ல. உங்க மகளச் சொல்லணும். வாங்கி வச்ச தண்ணியவே மறந்துட்டு வந்துட்டா. ராத்திரி அவள என்னென்னமோ பேசிட்டேன் மாமா."

வடிவேல் கமலாட்சியைப் பார்த்தார். அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆமாம் மாப்ள என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பஸ்காரர் பஸ்காரராகவே இருக்கலாம்.

"அவ மறக்கல மாப்ள. ஏத்துனத நான்தான் இறக்கச் சொன்னேன். பாரம்னு சொல்லி இறக்க வச்சேன்."

அந்தப் பக்கம் ஆஸ்பத்திரியில் ஏதோ ஒரு மிஷின் விட்டு விட்டு ஒலித்தது.

"நீங்களா மாமா?"

"நான்தான். அவளத் திட்டாத."

முரளி திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட வடிவேல் வாங்கிக்கொண்டிருப்பார். அவன் கேட்டது வேறு. திட்டக்கூடத் தெம்பில்லாத குரலில், பழக்கத்தில் கேட்கிறது போலக் கேட்டான்.

"இப்ப என்ன மாமா பண்றது? கூடாரம், சாமானெல்லாம் பூங்காவுக்குள்ள கெடக்குது. அதே வழியில திரும்பிப் போறதா, வேற வழி இருக்கா?"

வடிவேலின் விரல் தானாகப் போனில் வரைபடத்தைத் தேடியது. பாதி வழியில் நின்றது.

"எனக்குத் தெரியாது மாப்ள. அந்த ரோடு எனக்குத் தெரியாது. உங்களக் கூட்டியாந்தாங்களே, அந்தப் பெரியவங்க இன்னும் அங்க இருக்காங்களா? அவங்களக் கேளு."

"இருக்காங்க மாமா. வெளியதான் உக்காந்திருக்காங்க."

"கேளு. நான் லைன்ல இருக்கேன்."

கமலாட்சி அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். போனில் ஒரு கதவு திறக்கிற சத்தம் கேட்டது. முரளி யாரிடமோ ஆங்கிலத்தில் வழி கேட்டான். ஒரு கிழவரின் குரல் அவசரமில்லாமல் அவனுக்கு விளக்கிச் சொல்லத் தொடங்கியது. ஒரு வார்த்தை புரியவில்லை, ஆனாலும் வடிவேல் குறுக்கே பேசாமல் கடைசி வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தார்.